தடத்தில் ஏறிய முதல் ஆள்

சேர்வராயன் மலையின் ஒரு சரிவில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே, மலை சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குத் தடம் போட்டுக் கொடுக்கிற ஒருத்தி இருந்தாள். பெயர் லூர்துமேரி. வயது முப்பத்தைந்துக்கு மேல் இராது. சைக்கிள்காரர்கள் எல்லாரும் அவளை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். அவள் போட்ட தடத்தில் இறங்கியவர்கள் கீழே போய்ச் சேர்ந்ததும், மூச்சு வாங்கிக்கொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மறுபடி மேலே ஏறுவார்கள். அந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

அவளிடம் சீடராக வந்து சேர்ந்தவருக்கு அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது அதிகம். செங்கோடன் என்று பெயர். மலை கிராமங்களுக்குப் போகும் மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அந்த பஸ் நின்றுபோனதும், இந்த மலையில் எனக்குத் தெரியாத வளைவா என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவள் அவரை அண்ணா என்பாள். அவர் அவளை மாஸ்டர் என்பார். இதில் இரண்டு பேருக்கும் ஒரு சங்கடமும் இருக்கவில்லை.

அவர் வந்தது பொங்கல் கழிந்த பிறகு. அதனால் மாஸ்டர் வெயிலில் வேலை செய்வதைத்தான் பார்த்திருந்தார். மழைநாளில் அவள் என்ன செய்வாள் என்று பார்த்ததில்லை.

கோடையில் அவருக்கென்று ஒரு சரிவு கிடைத்தது. தோட்டத்துக்குச் சொந்தக்காரரான தோட்டத்து அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். சரிவின் அடியில் ஓர் ஊற்று இருக்கிறது. தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் இருக்கிறவர்கள் குடிக்கிற தண்ணீர் அது. அதில் ஒரு தடவை செம்மண் கலந்தாலும் போதும், செங்கோடன் போட்ட தடம் மட்டுமல்ல, மாஸ்டர் போட்டவை உட்பட அத்தனை தடங்களையும் மூடிவிட வேண்டும்.

"கலக்காதுங்கம்மா," என்று செங்கோடன்தான் முந்திக்கொண்டு சொன்னார்.

தடம் போடுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் போட்ட தடத்தில் இன்னொருவர் மண்வெட்டி வைக்கக் கூடாது. ஆகவே செங்கோடன் தனியாகவே வெட்டினார், தனியாகவே மிதித்து இறுக்கினார். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்குகிற தடம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பள்ளத்துப் பக்கமாக, மேலிருந்து கீழ் வரைக்கும் முழங்கால் உயரத்துக்கு ஒரு வரப்பு. அந்த வரப்பைக் கையால் தட்டித் தட்டி, சிமெண்டு பூசிய மாதிரி வழவழப்பாக்கியிருந்தார்.

மாஸ்டர் ஒருநாள் அந்தப் பக்கமாக வந்தவள் வரப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது எதுக்குண்ணா?"

"யாரும் உருண்டுடக் கூடாதுங்க. எத்தனை வருஷம் பஸ்ஸுல இருந்தேன், என் படிக்கட்டுல இருந்து ஒருத்தர் விழுந்ததில்லைங்க. பஸ் நகர்றதுக்கு முன்னாடி கதவைச் சாத்திருவேன்."

"மேலிருந்து கீழ வரைக்கும் இருக்குதே."

"ஒரு இடம் விடலைங்க."

அவள் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விட்டாள். செங்கோடன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்துக்கொள்ள அவருக்கு ஆசை இருந்தது.

தடம் முடிந்த அன்று சாயங்காலம் அவளைத் தேடிக்கொண்டு போனார்.

"மாஸ்டர், முடிஞ்சுதுங்க. வந்து ஓட்டிப் பார்த்து, நல்லா இருக்குதா இல்லையான்னு சொல்லுங்க."

"நான் ஓட்டக் கூடாதுண்ணா. நீங்களும் கூடாது. முதல்ல இறங்க ஒருத்தர் இருக்காரு. அவர்தான் சொல்லணும்."

"யாருங்க அது?"

"வருவாரு. இந்த மலையில எல்லாத் தடத்துலயும் அவர்தான் முதல் ஆள்."

"கோயமுத்தூர்க்காரருங்களா?"

"ஊரு இதுன்னு சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவை ஒவ்வொரு பக்கம் இருந்து வருவாரு."

"நல்லா ஓட்டுவாருங்களா?"

"பிரேக் பிடிச்சு நான் பார்த்ததில்லை."

செங்கோடனுக்கு அன்றைக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பிரேக் பிடிக்காதவர் தன் வளைவுகளில் எப்படித் திரும்புவார் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். தடுமாறி விழுந்தால்கூட வரப்பு தாங்கிக்கொள்ளும் என்று நினைத்த பிறகுதான் கண் அசந்தது.

மறுநாளிலிருந்து உபசாரம் தொடங்கியது. தடத்தில் விழுந்த சருகை எல்லாம் காலையும் மாலையும் பெருக்கித் தள்ளினார். பெட்டியில் கிடந்த வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்தார். புது வண்டிக்கு வைக்கிற மாதிரி அந்தப் பெரிய மனிதரின் சக்கரத்துக்கு அடியில் வைக்க நல்ல எலுமிச்சம்பழமாக ஒன்று வாங்கிக்கொண்டார். பழம் வாடியது. ஆள் வரவில்லை. வேறு பழம் வாங்கினார்.

ஒருநாள் மத்தியானம், மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்த நேரத்தில், மாஸ்டர் ஒரு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தாள். அது செங்கோடனுடைய மண்வெட்டி. அவர் கொட்டகையில் வைத்துவிட்டு வந்தது.

"இன்னிக்கு வர்றாரு," என்றாள்.

"மழை இறங்கப் போகுதுங்களே. இந்த நேரத்துலயா?"

"அவருக்கு இதுதான் நேரம். பழத்தை வச்சுட்டு வாங்க, கீழ போய் நிப்போம். வந்து சேர்றதைப் பார்க்கணும்ல."

அவர் தடத்தின் தலைமாட்டில் எலுமிச்சம்பழத்தை வைத்தார். இரண்டு பேரும் இறங்கி, ஊற்றுக்குச் சற்று மேலே, கடைசி வளைவுக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். மழை பிடித்துக்கொண்டது. கோடை மழை, வந்த வேகத்தில் கண்ணைத் திறக்க விடவில்லை. வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது.

"இன்னும் காணோமுங்களே," என்றார் செங்கோடன்.

"வந்துட்டாரு."

மேல் வளைவில் அது தெரிந்தது. நுரையும் சேறுமாகத் தலையைத் தூக்கிக்கொண்டு, சிவப்பாக, தடத்தை விட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் விலகாமல் வந்தது. வளைவில் ஏறி, தேர்ந்த சைக்கிள்காரனைப் போலச் சாய்ந்து திரும்பியது. நேர்பாதையில் வேகம் எடுத்தது. பெருக்கி வைத்த தடத்தில் அதைத் தடுக்க ஒரு சருகுகூட இல்லை.

செங்கோடனுக்கு முதல் ஆள் யார் என்று புரிந்தது. அடுத்த நொடியே அந்த ஆள் எங்கே போய்ச் சேரப் போகிறார் என்பதும் புரிந்தது. லைன் வீட்டுப் பெண்கள் குடத்தோடு வந்து நிற்பதும், தோட்டத்து அம்மாவின் முகமும், மாஸ்டரின் பத்து வருஷ உழைப்பின் மேல் முள் போட்டு மூடுவதும் வரிசையாகக் கண்ணில் வந்து போயின. முந்திக்கொண்டு வாக்குக் கொடுத்தது தன் வாய்தானே என்று இருந்தது.

அவளிடமிருந்து மண்வெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கி, ஊற்றுக்கு முன்னால் மண்ணை வெட்டிக் குவித்தார். தண்ணீர் வந்து முட்டி நின்றது. உயர்ந்தது. இன்னும் குவித்தார். அதுவும் இன்னும் உயர்ந்தது. நிமிர்ந்து பார்த்தால், மாஸ்டர் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சரிவில் மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தாள்.

"மாஸ்டர், தண்ணி இங்க நிக்குது. நீங்க எங்க போறீங்க?"

"ஏறின இடத்துக்கு."

அவர் குவித்த மண்ணைப் பார்த்தார். அது கொஞ்ச நேரம் தாங்கும். கெட்டியாக ஒரு மிதி மிதித்துவிட்டு அவள் பின்னால் ஓடினார். காப்பிச் செடிகளைப் பிடித்துக்கொண்டு, வழுக்கி, முழங்காலில் மண்ணோடு ஏறினார்.

மேலே, முதல் வளைவில், அவள் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். எலுமிச்சம்பழம். தலைமாட்டிலிருந்து தண்ணீர் அதைக் கொண்டுவந்திருந்தது. பள்ளத்துப் பக்கம் போகப் பார்த்து, வரப்பில் முட்டி, திரும்பி, மறுபடி போய் முட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணா, உங்க பஸ்ஸுல மேல ஏறினவங்களை எல்லாம் கீழ போற வரைக்கும் கதவைத் திறக்காம ஓட்டிட்டுப் போனதுண்டா?"

"அது எப்படிங்க முடியும்? நடுவுல இறங்கறவங்க எத்தனை பேரு."

"இறங்கணும்னு சொன்னா?"

"விசில் கொடுப்பேன். வண்டி நிக்கும். கதவைத் திறந்து..."

அவர் நிறுத்திக்கொண்டார். பழம் இன்னொரு தடவை வரப்பில் முட்டியது. மண்வெட்டி அவர் கையில்தான் இருந்தது. அவள் அதைக் கேட்கவும் இல்லை, கேட்கவும் மாட்டாள்.

கையால் தட்டித் தட்டி வழவழப்பாக்கிய வரப்பு. அதன் மேல் மண்வெட்டியை ஓங்க அவருக்குக் கொஞ்சம் வலித்தது.

"வரப்பை எடுத்துட்டா ஆளுங்க விழுவாங்களே மாஸ்டர்."

"விழுந்தவங்க எந்திரிச்சு வந்து நமக்குப் பாடம் சொல்லுவாங்கண்ணா. இந்த மண்ணு போனா வராது."

ஓங்கி ஒரு வெட்டு வெட்டினார். வரப்பு பிளந்தது. தண்ணீர் காத்திருந்தது போல அந்தப் பக்கம் திரும்பி, எலுமிச்சம்பழத்தையும் கூட்டிக்கொண்டு, காப்பிச் செடிகளுக்கு அடியில் குவிந்துகிடந்த சருகுக்குள் இறங்கியது. இறங்கியதும் அதன் வேகம் எல்லாம் போய்விட்டது. சருகு அதை வாங்கிப் பரப்பிக்கொண்டது.

அதற்கப்புறம் செங்கோடனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுத்த வளைவுக்கு முன்னால் ஒரு திறப்பு, அதற்கடுத்த சரிவில் ஒரு திறப்பு என்று வெட்டிக்கொண்டே இறங்கினார். வண்டி போகிற வேகத்தில் யார் எங்கே இறங்குவார்கள் என்று காலமெல்லாம் பார்த்த கண் அது. எங்கே தண்ணீர் சேர்கிறதோ அதற்கு இரண்டு எட்டு முன்னாலேயே கதவைத் திறந்தார். ஒவ்வொரு திறப்பு வெட்டும்போதும் அவரையறியாமல் உதடு குவிந்து சின்னதாக ஒரு விசில் வந்தது. மாஸ்டர் சிரித்ததை அவர் பார்க்கவில்லை.

கடைசி வளைவுக்கு வந்தபோது தடத்தில் விரல் கனத்துக்குத்தான் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. குவித்து வைத்த மண் நனைந்து, நெளிந்து, இன்னும் நின்றுகொண்டிருந்தது. அங்கேயும் பக்கவாட்டில் ஒரு வாய் வெட்டிவிட்டு, ஊற்றை எட்டிப் பார்த்தார். அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது. அவருக்கு அழுகை வந்தது. மழையில் அது ஒரு வசதி, யாருக்கும் தெரியவில்லை.

மழை விட்டது. வெயில் வந்து தடத்தில் ஆவி பறந்தது. அங்கங்கே வாய் பிளந்த வரப்போடு, அவருடைய தடம் பார்க்க முன்பைப் போல லட்சணமாக இல்லை. ஆனால் மண் அத்தனையும் போட்ட இடத்திலேயே இருந்தது.

நாலைந்து நாள் காயவிட்டு, மிச்ச வரப்பையும் அவரே சரித்து, தடத்தைப் பள்ளத்துப் பக்கம் லேசாகச் சாய்த்துவிட்டார். பெருக்குமாற்றைக் கொட்டகையில் மாட்டினார். அடுத்த மழைக்குத் தலைமாட்டில் தனியாக நின்று பார்த்தார். தண்ணீர் ஏறியது, நாலு முழம் வந்தது, இறங்கிப் போனது. மறுபடி வேறொரு இடத்தில் ஏறியது, இறங்கியது. கீழே ஒன்றும் வந்து சேரவில்லை.

தடம் காய்ந்த அன்று காலையில் தன் பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தலைமாட்டுக்கு வந்தார். மாஸ்டர் முன்னாடியே வந்து நின்றுகொண்டிருந்தாள்.

"மாஸ்டர், முதல் ஆள் வந்துட்டுப் போனாரே. என்னதான் சொன்னாருங்க?"

அவள் முதல் வளைவுக்கு நடந்து போனாள். திறப்புக்கு அந்தப் பக்கம், காப்பிச் செடியின் வேரடியில் சருகை விலக்கி, சுருங்கிப்போன எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். அதை அவருடைய சைக்கிளின் முன் சக்கரத்துக்கு அடியில் வைத்தாள்.

"அவரு இறங்கிட்டாருண்ணா. இப்ப நீங்க ஏறுங்க."