பேச்சித்தாயின் விலா எலும்பு

“இத்தனை வருஷத்தில் ஓர் எறும்பைக்கூட நோகடித்ததில்லை. எனக்குத் தீட்சை தர இன்னும் என்ன தயக்கம், தாயே?” என்று கேட்டார் ஆவுடையப்பன்.

ஆற்றங்கரை மடத்தில் அவர்தான் மூத்த சீடர். குரு மரகதவல்லி அம்மாளைவிட வயதிலும் மூத்தவர். கொசு உட்கார்ந்தால் அது குடித்து முடிக்கும்வரை கையை நீட்டிக்கொண்டு காத்திருப்பார். நாலு பேர் பார்க்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்வார்.

அம்மாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணாச்சி. வெளிச்சம் மறைக்குது.”

அவர் தள்ளி நிற்பதற்குள் படித்துறையில் கூச்சல்.

மடத்துக்குக் கீரை கொடுக்கும் பேச்சித்தாய், கட்டுகளை அலசும்போது வழுக்கி ஆற்றில் விழுந்துவிட்டாள். இழுத்துப் போட்டிருந்தார்கள். மூச்சு இல்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று; அது வரும்போது வரும். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவரும் குனியவில்லை.

அம்மாள் குனிந்தாள். பேச்சித்தாயின் வாயில் வாய் வைத்து ஊதினாள். ஆவுடையப்பனின் கைகளை இழுத்து, கிடந்தவள் மார்பின் நடுவில் வைத்தாள். கான்வென்ட் பிள்ளைகளின் டை போல, கழுத்துக் குழிக்குக் கீழே ஒரு பட்டை எலும்பு தொங்குமே, அதன்மேல்.

“அமுக்குங்க.”

அவருக்குக் கை கூசியது. பெண்பிள்ளை ஆயிற்றே என்று இழுத்தார்.

“பொம்பளைதான். செத்துக்கிட்டிருக்கிற பொம்பளை.”

அமுக்கினார், பூப்பந்தைத் தொடுவதுபோல. அம்மாள் இன்னும் என்றாள். இன்னும் பலமாக என்றாள். கடைசியில் அவர் கண்ணை மூடிக்கொண்டு, உடம்பின் பாரத்தையெல்லாம் உள்ளங்கையில் இறக்கினார்.

அடியில் ஏதோ மளுக்கென்றது.

ஆவுடையப்பன் கையை எடுத்துவிட்டார்.

“உடைந்துவிட்டது தாயே. விலா உடைந்துவிட்டது.”

அம்மாள் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். திட்டவில்லை. எடுத்த கைகளைப் பிடித்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

அவர் அழுதுகொண்டே அமுக்கினார். இன்னொன்றும் மளுக்கென்றது. நிறுத்தவில்லை. தன் எலும்பே உடைவதுபோல் முனகினாரே தவிர, நிறுத்தவில்லை.

ரொம்ப நேரம் கழித்துப் பேச்சித்தாயின் வாயிலிருந்து ஆறு கொஞ்சம் வெளியே வந்தது. பிறகு ஓர் இருமல்.

அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் பேச்சித்தாயைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வந்ததும் துணிமணியை மூட்டை கட்டினார். மூட்டையோடு அம்மாளின் முன்னால் வந்து நின்றார்.

“நான் கிளம்புகிறேன் தாயே. தீட்சை கேட்க எனக்கு இனி யோக்கியதை இல்லை. விரதம் இந்தக் கையாலேயே முறிந்துபோயிற்று.”

அம்மாள் அவர் கையைப் பார்த்தாள்.

“மூச்சு இழுக்கும்போதெல்லாம் உயிர் போகிற மாதிரி வலிக்கிறதாம். புரண்டு படுக்க முடியவில்லையாம். இருமினால் பிராணனே போகிறதாம். எந்தப் பாவி இப்படி அமுக்கினானோ, அவன் கை விளங்காமல் போக என்கிறாள்.”

“யாரு சொன்னா?”

“அவளேதான். அவள் வாயாலேயே என்னிடம் சொன்...”

ஆவுடையப்பன் நிறுத்தினார்.