தூங்காச் சாமியின் கடுமையான விரதம்

குற்றால மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு உலகம்மை அம்மாதான் குரு. அவரைவிட இருபது வயது மூத்த திருமலைக்கொழுந்து அவருக்குச் சீடர். மாலையில் புராணம் வாசிப்பது சீடரின் வேலை. வேலை என்ன, உயிரே அதுதான்.

இப்போது சீடருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து எழுத்தெல்லாம் புகைமூட்டமாகிவிட்டது. சர்க்கரை இறங்கினால்தான் ஆபரேஷன் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மனுஷர் மாத்திரையை ஒரு வேளை தவறவிட்டதில்லை. சோற்றைக் குறைத்தார், இனிப்பை மறந்தார், மலைச்சாலையில் வேர்க்க விறுவிறுக்க நடந்தார். விரதம் என்றால் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் சர்க்கரை அசைந்து கொடுக்கவில்லை.

“அம்மா, இன்னும் எதை விடணும்? சொல்லுங்க, இன்னைக்கே விட்டுருதேன்.”

“டாக்டர் என்ன சொன்னாரு, அண்ணாச்சி?”

“மாத்திரை, சாப்பாடு எல்லாம் சரியா இருக்காம். தூக்கம் எப்படின்னு கேட்டாரு. அதை ஜெயிச்சு வருஷக்கணக்காச்சு, ஊர்ல எனக்குத் தூங்காச் சாமின்னே பேருன்னு சொன்னேன். அவரு தலையில கைய வச்சுக்கிட்டாரு.”

எதற்காக டாக்டர் அப்படிச் செய்தார் என்பது அவருக்கு இன்னும் விளங்கவில்லை. ஊர் அடங்கிய பிறகும் ஜெபம், கோழி கூவுவதற்கு வெகு முன்பே மறுபடியும் ஜெபம். நடுவில் கண் அசந்துவிட்டால் ஏதோ பாவம் செய்தவர் போலக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

உலகம்மை அம்மா எழுந்தார். சீடர் கையிலிருந்த ஜெபமாலையை வாங்கிக்கொண்டு, மூலையில் கிடந்த பாயை எடுத்து நீட்டினார்.

“விடுறதுக்கு ஒண்ணும் பாக்கி இல்ல. தூக்கம் இல்லாம சர்க்கரை எப்படி இறங்கும்? நடை சாத்துனதும் படுக்கணும். விடியுற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. ஒரு மண்டலம்.”

“இது விரதமா? சோம்பேறித்தனம்லா!”

“கஷ்டமா இருந்தா சொல்லுங்க. சுலபமா ஏதாவது பட்டினி தாரேன்.”

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது அவருக்கு. பாயைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் முகம் வாடி வந்து நின்றார்.

“படுத்தேன். தூக்கம் கிட்டயே வரலம்மா.”

“இத்தனை வருஷம் விரட்டியிருக்கீங்க. பயம் தெளிய வேண்டாமா? இன்னைக்கும் பாயைப் போடுங்க.”

போட்டார். புரண்டார். பட்டினி கிடப்பது எத்தனையோ மேல் என்று வாய்விட்டே புலம்பினார். ஆனால் ஒப்புக்கொண்ட விரதத்தை விடுகிற ஆள் இல்லை அவர். மாலைக் காபியை நிறுத்தினார், படுக்கிற நேரத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டார்.

ஒரு நாள் காலைப் பூசை முடிந்து, எல்லோரும் இட்லி சாப்பிட்டுக் கையும் கழுவியாகிவிட்டது. அப்போதுதான் அவிழ்ந்த வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார் திருமலைக்கொழுந்து.

“அம்மா! தூங்கிட்டேன்!”

“அடிங்க மணிய!” என்றார் உலகம்மை அம்மா. மடமே சிரித்துக் கைதட்டியது. அவருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மண்டலம் முடிந்து ரத்தப் பரிசோதனைக்குப் போனார். சர்க்கரை இறங்கியிருந்தது. டாக்டர் எழுந்து வந்து கை கொடுத்து, ஆபரேஷனுக்கு நாளும் குறித்துக் கொடுத்தார்.

கண் தெளிந்து அவர் மறுபடி வாசிக்க உட்கார்ந்த மாலையில் மடம் கொள்ளாத கூட்டம். ஓர் எழுத்துக்கூடத் தடுக்கவில்லை. குரல் கணீரென்று மலை வரைக்கும் போனது. முடித்தபோது சனங்கள் அரகரா கோஷம் போட்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் குருவிடம் வந்தார்.

“அம்மா, ஒண்ணே ஒண்ணு உறுத்துது. இத்தனை வருஷம் முழிச்சுக் கிடந்து கும்பிட்டேனே, அதெல்லாம் வீணா?”

“வீணுன்னு யாரு சொன்னா? சாமி தினமும் வந்தாரு, அண்ணாச்சி. நீங்க விட்ட கொட்டாவியப் பாத்துட்டு, பாவம் தூங்கட்டும்னு திரும்பிப் போயிட்டாரு. இன்னைக்குத்தான் கடைசி வரைக்கும் உக்காந்து கேட்டாரு.”