மூன்று கும்பா சோறு

“அதைப் பொய்னு சொல்லட்டுமா, நிஜம்னு சொல்லட்டுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கம்மா.”

ஆற்றுத்துறையில் வந்து நின்றதும் சோலையப்பன் இப்படித்தான் ஆரம்பித்தான். கும்பிடவில்லை, நலம் கேட்கவில்லை.

பேச்சி துணியைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தாள்.

“எதை அண்ணே?”

“சேந்தன் கதையைத்தான்.”

சோலையப்பன் கதைசொல்லி. போர்க்கதை சொல்வதில் சுற்றுப்பட்டு ஏழு ஊரிலும் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஐம்பது வயது. வெண்கலத் தொண்டை. பேச்சி அந்தத் துறையில் துணி வெளுப்பவள், அவனைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். பெயர்தான் பேச்சியே தவிர, பேசுவது குறைவு. அவன் அவளை அம்மா என்பான். அவள் அவனை அண்ணே என்பாள். ஊர் பார்த்துச் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், முந்தின இரவு கதை கேட்டு ஊரே அழுத பெருமையை அவளிடம் அளந்துகொண்டிருந்தான். அவள் கேட்டாள்: “கேட்டவங்கல்லாம் எந்திரிச்சுப் போனப்புறம் உங்க கதை எங்க அண்ணே போகும்?”

அன்றிலிருந்து அவள் குரு, அவன் சீடன்.

“கதைக்கு என்ன வந்துச்சு?” என்றாள் பேச்சி.

“என் பிள்ளையைக் கொண்டுபோகுதும்மா.”

சேந்தன் கதை தெரியாதவர்கள் அந்தப் பக்கம் கிடையாது. பதினாறு வயதுப் பையன். கருங்காட்டுக் கணவாயில் எதிரிப் படையை ஒற்றை ஆளாக மறித்தவன். ‘காலையில் பிள்ளையாகப் போனான், மாலையில் ஆம்பிளையாக வந்தான். நாலு பேர் தோளில் வந்தான்!’ என்று சோலையப்பன் குரலை உயர்த்துகிற இடத்தில் கூட்டம் எழுந்து நிற்கும். மறுநாள் கோட்டை வாசலில் படைக்கு ஆள் சேர்க்கும் முரசுக்கு முன்னால் பையன்கள் வரிசை கட்டுவார்கள். அரண்மனையும் அதற்காகத்தான் அவனுக்கு வருடா வருடம் பட்டுத்துண்டு போர்த்தியது. பன்னிரண்டு வருடமாக யார் யார் வீட்டுப் பிள்ளைகளோ போனார்கள். அப்போதெல்லாம் அவனுக்கு நன்றாகவே தூக்கம் வந்தது.

இப்போது அவன் மகன் தவசி போகிறேன் என்கிறான். நாளைக் காலையில் முரசு.

“பதினாறு வயசும்மா. மீசைகூட அரும்பல. போகாதேடான்னா, அப்ப சேந்தன் மட்டும் ஏன் போனான்னு கேக்கறான். கதையைப் பொய்னு சொன்னா இத்தனை வருசமா நான் ஊரை ஏமாத்தினவன். நிஜம்னு சொன்னா அவன் போயிடுவான். எனக்கு ஒண்ணும் புரியல.”

“பிள்ளை வேற என்ன சொல்றான்?”

“எந்நேரமும் சேந்தன் பேச்சுதான். நேத்து மத்தியானம் சோத்துல கையை வச்சுக்கிட்டுக் கேக்கறான், ‘போருக்குப் போன அன்னைக்குக் காலையில சேந்தன் சாப்பிட்டானாப்பா’ன்னு. கதைமேல அவ்வளவு கிறுக்கு. நான் விடுவேனா? மூணு கும்பா சோறு, மேல ஒரு செம்பு மோருன்னேன்.”

அத்தனை கவலையிலும் அந்த இடத்தில் அவன் குரல் கொஞ்சம் ஏறத்தான் செய்தது.

பேச்சி அடிப்பதை நிறுத்தினாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கரையில் கிடந்த மூட்டையைக் காலால் நகர்த்தினாள்.

“பிரிங்க.”

“என்னது?”

“எல்லையிலேருந்து வந்தது. முந்தாநாள் சண்டை.”

போர்க்களத்துத் துணி நேரே வீட்டுக்குப் போகக்கூடாது என்பது அந்த நாட்டு வழக்கம். பிழைத்தவன் துணியானாலும் செத்தவன் துணியானாலும் முதலில் துறைக்கு வரும். உவர்மண் போட்டு, வெள்ளாவி வைத்து, வெளுத்த பிறகுதான் தாய் கையில் கொடுப்பார்கள். துணியில் என்ன இருந்தது என்பதை வெளுத்தவர்கள் யாரிடமும் சொல்லமாட்டார்கள்.

“வீரன் துணியை வலப்பக்கம் போடுங்க. கோழை துணியை இடப்பக்கம்.”

“நான் எப்படிம்மா கண்டுபிடிக்க?”

“பன்னெண்டு வருசமா சொல்றீங்க. உங்களுக்குத் தெரியாததா?”

சோலையப்பன் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து மூட்டையைப் பிரித்தான். நாற்றம் குப்பென்று வந்தது. துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டான்.

முதலில் வந்தது ஒரு மேல்துணி. நெஞ்சுப் பக்கம் கிழிந்து, ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது. அவனுக்குச் சந்தேகமே இல்லை, வலப்பக்கம் வைத்தான். மடித்து வைத்தான் என்றுகூடச் சொல்லலாம். அடுத்து ஒரு வேட்டி. அதில் மூத்திரம் மட்டும் இல்லை. முகத்தைச் சுளித்து இரண்டு விரலால் எடுத்து இடப்பக்கம் எறிந்தான். ரத்தமும் கிழிசலுமாக வந்ததெல்லாம் வலப்பக்கம். ஈரமும் மலமுமாக வந்ததெல்லாம் இடப்பக்கம். ஒரு துண்டு முழுக்க வாந்தி. அதுவும் இடப்பக்கம் போனது.

கடைசியில் இரண்டு குவியல். கொஞ்சம் தெம்பு வந்ததுபோல் இருந்தது அவனுக்கு. “கோழைங்க இவ்வளவு பேராம்மா?” என்றான்.

பேச்சி வந்து குந்தினாள். வலப்பக்கத்திலிருந்து அந்த முதல் மேல்துணியை எடுத்து அதன் ஓரத்தைத் திருப்பினாள். சேங்கொட்டைச் சாற்றில் இட்ட கறுப்புக் குறி. வீட்டுக்கு ஒரு குறி உண்டு, எத்தனை வெளுத்தாலும் போகாது. அதை வைத்துத்தான் எந்தத் துணி யார் வீட்டுக்கு என்று பிரிப்பார்கள்.

மூன்று புள்ளி, ஒரு கோடு.

இடப்பக்கத்தில் கையை விட்டாள். அவன் எறிந்த முதல் வேட்டியை எடுத்து ஓரத்தைத் திருப்பினாள்.

மூன்று புள்ளி, ஒரு கோடு.

“ஒரே வீடா?” என்றான்.

“ஒரே ஆள். அந்த வீட்டுலேருந்து ஒருத்தன்தான் போனான்.”

அடுத்ததை எடுத்தாள். வலப்பக்கத்தில் பிறைக் குறி. இடப்பக்கத்தில் பிறைக் குறி. அதற்கடுத்தது ஏணிக் குறி, இரண்டு குவியலிலும். நாலாவதை அவள் எடுக்கப் போனபோது அவன் கையை நீட்டித் தடுத்தான்.

“போதும்மா.”

அவள் விட்டுவிட்டாள்.

“அப்ப வீரம்னு ஒண்ணு கிடையாதா?”

“நான் அப்படிச் சொன்னேனா?”

“அப்ப உண்டா?”

“கல்லை விட்டு எந்திரிங்க அண்ணே. துவைக்கணும்.”

அவன் எழுந்து தள்ளி நின்றான். ஒரு சந்தேகத்தோடு வந்தவனுக்கு இப்போது பத்துச் சந்தேகம். குரு என்று ஒருத்தரைத் தேடிப் போவதில் இதுதான் வம்பு.

“சேந்தன் துணியும் இங்கதானே வந்திருக்கும்?” என்று கேட்டான்.

“வந்துச்சு.”

“நீங்கதான் வெளுத்தீங்களா?”

“நான்தான்.”

“எப்படி இருந்துச்சு?”

“வெளுத்துட்டேன்.”

“அதைக் கேக்கலம்மா. அவன் நின்னானா ஓடினானா? அதையாவது சொல்லுங்க.”

“அது துணியில தெரியாது அண்ணே.”

“அவன் பயந்தானா?”

பேச்சி மூன்று புள்ளி வேட்டியைத் தண்ணீரில் முக்கி அலசினாள். ஆறு கொஞ்ச தூரம் கலங்கிப் போய்ப் பிறகு தெளிந்தது. சோலையப்பனுக்கு ஆத்திரமாக வந்தது. மகன் போகப்போகிறான், இவள் துணி அலசுகிறாள். போதும் இந்தக் குருவும் சீடனும் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

கொடியில் ஒரு புதுவேட்டி காய்ந்துகொண்டிருந்தது. போகிற போக்கில் முகத்தில் பட்டது. விலக்கினான். ஓரத்தில் குறி கண்ணில் பட்டது, இட்ட சாறு இன்னும் பளபளவென்று புதிதாக இருந்தது.

ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி.

அவன் தோளில் கிடந்த துண்டிலும் அதே குறி இருந்தது. இடுப்பு வேட்டியிலும் இருந்தது.

“இது...”

“தவசிதான் கொண்டாந்தான். நேத்துக் காலையில. படைக்குப் போறவன் துணியில புதுசாக் குறி போடணும்ல.”

எதற்குப் போடுகிறார்கள் என்று அவன் கேட்கவில்லை. மூட்டையைப் பிரித்துப் பார்த்தாயிற்று.

“என்கிட்ட அவன் சொல்லவே இல்லையே. வேற என்ன பேசினான்?”

பேச்சி அலசிய வேட்டியைப் பிழிந்து கல்லில் வைத்தாள். அன்று அவள் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

“மூணு நாளா ஒரு பருக்கை உள்ள இறங்கலைன்னான். கையைக் காட்டினான், நடுங்கிக்கிட்டு இருந்துச்சு. மத்த பசங்களுக்கும் இப்படித்தான் இருக்குமா அக்கான்னு கேட்டான். துணியில வந்ததை நாங்க வெளிய சொல்றதில்ல. நான் என்னத்தைச் சொல்ல? உங்கப்பாவுக்குத்தான் சேந்தனைத் தெரியும், போருக்குப் போன அன்னைக்கு அவன் சாப்பிட்டானான்னு அவர்கிட்டயே கேளுன்னு அனுப்பிவிட்டேன்.”

சோலையப்பன் வேட்டியைப் பிடித்தபடி நின்றான்.

“கேட்டிருக்கான்,” என்றாள் பேச்சி. துவைக்கத் தொடங்கினாள்.

அவன் ஓடினான். ஐம்பது வயதுக்காரன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வெயிலில் ஓடுவதைப் பார்த்துக் கடைத்தெருவில் இரண்டு பேர் சிரித்தார்கள். கதை சொல்ல நேரமாகிவிட்டது போலிருக்கிறது என்றார் ஒருவர்.

வீட்டில் தவசி கும்பாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். அம்மா சோறு போட்டுவிட்டு அடுப்படிக்குப் போயிருந்தாள். அவன் பிசைந்துகொண்டே இருந்தான். பிசைந்ததை உருட்டினான். உருட்டியதை மறுபடி பிசைந்தான். நேற்றும் முந்தாநாளும் இதே இடத்தில் இப்படித்தான் உட்கார்ந்திருந்தான். சோலையப்பன் எதிரிலேயே இருந்தான், சேந்தனைப் பற்றிப் பேசிக்கொண்டு.

இப்போது மூச்சு வாங்க மகன் முன்னால் வந்து உட்கார்ந்தான்.

“தவசி.”

“என்னப்பா?”

வெண்கலத் தொண்டை உதவிக்கு வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது.

“அந்த மூணு கும்பா. அது நேத்து நீ கேட்டப்ப நான் இட்டுக்கட்டினதுடா.”

பையன் நிமிர்ந்து பார்த்தான்.

“அப்ப அவன் சாப்பிடலையா?”

“தெரியாது.”

“பயந்தானா?”

“தெரியாதுடா.”

“உங்களுக்கா தெரியாது?”

“அவனை நான் பார்த்ததே இல்லடா.”

தவசி அப்பாவையே பார்த்தான். கோபப்படப் போகிறானா, எழுந்து போய்விடுவானா என்று சோலையப்பனுக்குத் தெரியவில்லை. பையனின் சோற்றுக் கை கும்பாவின் விளிம்பில் நடுங்கியது. அதை மறைக்க மடிக்குக் கொண்டுபோனவன், பாதியில் நிறுத்தினான். திரும்பவும் விளிம்பிலேயே வைத்தான்.

“எனக்கு இறங்கலப்பா,” என்றான்.