மூவெட்டு எத்தனை?

ஒரு ஊருண்டு. அந்த ஊர்ல ஒரு பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்துல ஒரு வாத்தியார். பாட்டனுக்கும் அவர்தான் வாத்தியார், அப்பனுக்கும் அவர்தான், பிள்ளைக்கும் அவர்தான். ஒரு முடி நரைக்கல. மனுசனா அது? பிரம்மராட்சசன்! படிச்சதைக் கேட்டவங்களுக்குச் சொல்லித்தராமச் செத்தவன் அப்படித்தான் ஆவானாம். யாராச்சும் கேள்வி கேட்டுட்டா, பதிலைக் காட்டாம அவனால எந்திரிக்கவே முடியாது. இது உங்களுக்குத் தெரியும், அந்த ஊருக்குத் தெரியாது. கேள்வி கேட்டா நாக்கு அழுகிப்போகும்னு பயமுறுத்தி வச்சிருந்தான்.

மணல்ல எட்டெட்டுப் பிள்ளைங்க, மூணு வரிசை. ஒருநாள் அவன், "மூவெட்டு இருபத்திமூணு"ன்னான். பிள்ளைங்களும் அப்படியே சொல்லுச்சுங்க. உடனே ஒரு பிள்ளையை முழுங்கிட்டான். சாயங்காலம் ஊர்த்தலைவர் வந்து எண்ணினார். இருபத்திமூணு. கணக்கு சரி. கணக்கு சரியாப் போனா பெத்தவளுக்கும் பிள்ளை மறந்துபோகும், அப்படி ஒரு மாயம்.

பூவாயின்னு ஒரு பொண்ணு. அவளுக்குப் பக்கத்துல மணல்ல யாரோ உக்காந்த பள்ளம். தொட்டா இன்னும் சூடு. வீட்டுக்கு வந்து புளியங்கொட்டையை எட்டெட்டா வச்சுப் பார்த்தா. இருபத்திமூணு வச்சும் ஒரு எடம் காலி.

"அப்பா, மூவெட்டு எத்தனை?"

"அய்யா சொன்னதுதான்."

"தலைவரே, மூவெட்டு எத்தனை?"

"அய்யா சொன்னதுதான்."

"ஆத்தா, மூவெட்டு எத்தனை?"

"அய்யா சொன்னதுதான்டி, வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு."

"நான் ஒருத்திதானே? ஏன் ரெண்டு தட்டு வச்சிருக்க?"

ஆத்தா ரெண்டாவது தட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "தெரியலயேடி..."

இன்னும் கிட்ட வந்து உக்காருங்க. மறுநாள் அவன் பூவாயியையே பார்த்துக்கிட்டு, "மூவெட்டு இருபத்திரெண்டு"ன்னான். எல்லாப் பிள்ளையும் சொல்லுச்சு. பூவாயி மட்டும் எந்திரிச்சா. "எப்படி அய்யா? வச்சுக் காட்டுங்க"ன்னு கொட்டையை நீட்டினா.

அவன் கண்ணு செவந்துச்சு, பல்லு நீண்டுச்சு, எந்திரிக்க மட்டும் முடியல. வச்சான். இருபத்திரெண்டு கொட்டை, ரெண்டு எடம் காலி. கலைச்சு வச்சான், ரெண்டு எடம் காலி. மறுபடி வச்சான், ரெண்டு எடம் காலி.

"அதுல ஒண்ணு என் எடம், தெரியுது அய்யா. இன்னொண்ணு யாரு?"

அவன் வாயை ரெண்டு கையாலயும் பொத்தினான். உடனே மத்தப் பிள்ளைங்களும், "யாரு? யாரு? யாரு?"ன்னு கேட்டுதுங்க. வாய் தானாப் பொளந்துச்சு. உள்ளேயிருந்து பூவாயி தம்பி மாசானம், எச்சில் ஒழுக மணல்ல வந்து விழுந்தான். ஊருக்கு அந்தப் பக்கத்துலேருந்து ஆத்தா, "அய்யோ, எம்பிள்ளை!"ன்னு கத்தினது கேட்டுச்சு.

அவன் இன்னமும் அங்கயேதான் உக்காந்து வச்சு வச்சுப் பார்க்கறான். கணக்கு வரவே மாட்டேங்குது.

கொட்டையும் தீர்ந்துச்சு, கதையும் தீர்ந்துச்சு. கேட்டா நாக்கு அழுகாது கண்ணுங்களா. கேக்காம இருந்தாத்தான் பக்கத்துல ஒரு எடம் காலியாகும்.