ராக்டைமுக்கு எவ்வளவு வேகம்

"என் பேரை அடிச்சிடுங்க டீச்சர். ஞாயித்துக்கிழமை நான் வாசிக்கல."

வேப்பேரியில் பியானோ சொல்லித்தரும் ஸ்டெல்லாவுக்கு இருபத்தெட்டு வயது. அவள் முன்னால் கைகட்டி நின்ற சீடர் ஞானசிகாமணிக்கு அறுபத்து மூன்று.

"என்ன ஆச்சு அங்கிள்?"

"ராக்டைம் வாசிக்கிறேன்னு நோட்டீஸ்ல போட்டாச்சு. சர்ச் ஹால் நிறைய ஆளு. சம்பந்தி வீட்டுக்காரங்க வேற வர்றாங்க. என் விரல் ஓட மாட்டேங்குது."

"எதுக்கு ஓடணும்?"

அவர் போனை எடுத்துக் காட்டினார்.

ராக்டைம் என்பது அமெரிக்காவின் பழைய பியானோ இசை. போனில் அந்தப் பெயரைத் தேடினால் வந்து விழும் வீடியோ எல்லாம் ஒரே ஓட்டம். ஒருவன் வழுக்கி விழுகிறான், பூனை பாத்திரத்தைத் தள்ளுகிறது, பின்னால் பியானோ தலைதெறிக்க ஓடுகிறது. இந்தக் காலத்தில் வேகமாகத் தட்டுகிற பழைய பியானோ எதுவானாலும் அந்தப் பெயரை ஒட்டிவிடுகிறார்கள். மூன்று வாரமாக அந்த வேகத்தை எட்டிப் பிடிக்கப் போய், பாவம், மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

ஸ்டெல்லா போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"அந்தக் கதவு வரைக்கும் நடந்துட்டு வாங்க."

"முட்டி வலி டீச்சர். மெதுவாத்தான் வரும்."

"வரட்டும்."

அவர் நடந்தார்.

அவர் அடி வைக்க வைக்க அவளுடைய இடது கை பியானோவில் தாளம் போட்டது. வலது கை அந்தத் தாளத்துக்கு அடங்காமல் கொஞ்சம் முந்தியும் கொஞ்சம் பிந்தியும் வம்பு பண்ணிக்கொண்டே வந்தது. அவசரம் மட்டும் இல்லை.

கதவைத் தொட்டுத் திரும்பும்போது ஞானசிகாமணியின் தோள் தானாக ஆடியது.

"நல்லா இருக்கே. இது என்ன பாட்டு?"

"உங்க பாட்டுதான்."

அவர் நம்பவில்லை. கிட்டே போய்த் தாளைப் பார்த்தார். மூன்று வாரம் அவர் மல்லுக்கட்டிய அதே தாள். அதன் தலைமாட்டில் பொடி எழுத்தில் ஒரு வரி அச்சாகியிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

வேகமாக வாசிக்க வேண்டாம்.

"இது யார் போட்டது டீச்சர்?"

"பாட்டை எழுதினவரே."

"எப்ப?"

"நூறு வருஷத்துக்கு மேல இருக்கும்."

ஞானசிகாமணி அந்த வரியை இன்னொரு தரம் படித்தார். அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

"அப்பவே ஓடியிருக்கானுங்க" என்று சிரித்தபடி, முட்டியைப் பிடித்துக்கொண்டு பியானோ முன்னால் உட்கார்ந்தார்.