மேட்டுக்காட்டில் கிடைத்த செம்பு

கருவண்டிக் கரடு என்ற பாறைக் குன்றில் செம்பு உண்டா என்பது பழைய கேள்வி. செம்புக்கு அடையாளமாய்ப் பச்சை பூத்த கல்லை நம்பி ஒரு வெள்ளைக்காரர் வெட்டிய குழி இன்றும் அங்கே கிடக்கிறது. கொஞ்சம் எடுத்ததும் செம்பு நின்றுபோக, அவரும் போய்விட்டார். பிறகு வந்த அரசு ஆய்வாளர்கள் மேற்குப் பக்கம் துளையிட்டு, வெறும் பாறையைப் பார்த்துத் திரும்பினார்கள்.

பாறைக்குள் ஓடும் செம்புக் கீற்று கிழக்கே சாய்ந்து இறங்குகிறது, அவர்கள் தேடியது தப்பான பக்கம் என்று கண்டுபிடித்தவள் சுகந்தி. முதன்முறையாகத் தனிப்பொறுப்பில் வந்த நிலவியலாளர். கிழக்கே இருந்தது பாவாயி என்ற விவசாயியின் மானாவாரி நிலமான மேட்டுக்காடு.

"துளை போட்டுக்கங்க அம்மிணி. ஆனா என்ன கெடைச்சாலும் மொதல்ல எங்கிட்டச் சொல்லோணும்," என்றாள் பாவாயி.

"கட்டாயம் சொல்றேங்க்கா."

துளையிலிருந்து வந்த பாறை உருளைகளைக் கழுவியபோது, ஒரு முழ நீளத்துக்குச் செம்புத்தாது பொன்மஞ்சளாய் மின்னியது. அதற்குக் கீழே பாறை நொறுங்கிக் களிமண்ணாய் வந்திருந்தது. எப்போதோ நிலம் அங்கே பிளந்து நகர்ந்திருக்கிறது, கீற்று அறுபட்டிருக்கலாம் என்பதற்கு அது அடையாளம். சுகந்தி அதைப் பார்க்கத்தான் செய்தாள். ஆனால் அன்றைக்கு அவள் மனம் அந்த மஞ்சளை விட்டு நகரவில்லை.

"ஒரு துளையை வச்சு எதுவும் சொல்ல முடியாது. வெளியில யார்கிட்டயும் பேசாதீங்க," என்றார் மேலதிகாரி ஜெயபாலன். அவரே துளையிடும் இயந்திரத்தை வேறு ஊர் வேலைக்கு அனுப்பினார். அடுத்த துளை மழைக்குப் பிறகுதான் என்றாயிற்று.

அந்த வாரமே பாவாயி வந்தாள். கணவர் நாச்சிமுத்துவுக்கு இதயத்தில் அறுவை செய்ய வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் செலவுக்காக விற்க நினைத்த மேட்டுக்காட்டை வாங்க ஒருவர் வந்து வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"வித்துப்போடட்டுங்களா அம்மிணி? ஏதாச்சும் கெடைச்சுதுங்களா?"

அலுவலகக் கட்டளையா, கொடுத்த வாக்கா என்று சுகந்தி தவித்தாள். கடைசியில், "செம்பு இருக்குங்க்கா," என்றாள்.

செம்பு உறுதியானால் காட்டுக்குப் பல மடங்கு விலை வரும் என்று நம்பி, பாவாயி வந்தவரைத் திருப்பி அனுப்பினாள். "மழை முடியற வரைக்கும் தாங்குவேன்," என்று நாச்சிமுத்துவே சொன்னார்.

அவர் தாங்கவில்லை. மழை விட்டு இயந்திரம் வந்தபோது அவர் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. சுற்றிலும் போட்ட துளைகளில் வெறும் பாறைதான். அந்த முழ நீளச் செம்போடு கரடு கைவிடப்பட்டது.

சுகந்தி துக்கம் கேட்கப் போனாள். பாவாயி தண்ணீர் கொடுத்தாள். "நீங்க சொன்ன சொல்லக் காப்பாத்துனீங்க அம்மிணி. எங்க நேரம்," என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது சுகந்திக்கு.

வாக்கைக் காத்த சுகந்தி, பேசாதே என்று சொல்லி இயந்திரத்தையும் அனுப்பிவிட்ட ஜெயபாலன், காட்டை விற்காத பாவாயி. நாச்சிமுத்துவின் சாவுக்கு இவர்களில் யார் பொறுப்பு?

விடை: பாவாயி தன்னிடம் சொன்னதை நம்பி முடிவெடுத்தாள். ஓர் உயிர் காத்திருப்பது ஜெயபாலனுக்குத் தெரியாது. துளையில் வந்தது முழுதும், ஓர் உயிர் காத்திருப்பதும் இரண்டும் தெரிந்தவள் சுகந்தி ஒருத்திதான். "என்ன கெடைச்சாலும்" என்றுதான் பாவாயி கேட்டிருந்தாள். கிடைத்தவற்றில் நொறுங்கிய பாறையும் ஒன்று. அதை விட்டுச் செம்பை மட்டும் சொன்னதால், சுகந்தி அலுவலகக் கட்டளையையும் மீறினாள், வாக்கையும் காக்கவில்லை. பாவாயியிடம் போய் இதைச் சொல்ல அவளுக்கு இன்றுவரை வாய் வரவில்லை.