தொரை வீட்டுப் பங்கு

“தொரைக்கு நேத்துலேருந்து சளி. ஒரு தும்மல் போட்டாருன்னா ஒம்பது வௌவால் உதிருது.”

வலைக் கொட்டகையைத் தாண்டும்போது அமலோற்பவத்தின் காதில் விழுந்தது இவ்வளவுதான். செத்து இருநூறு வருஷம் ஆன மனிதருக்குச் சளி பிடித்ததில் அவளுக்கு ஆச்சரியமில்லை. பேசுகிறவன் கயித்தான். அவன் இடுப்பில் தொங்கிய சாவியைப் பார்த்துத்தான் அவள் நின்றாள்.

கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அவளுடைய நெத்திலி, ஆறு ஓலைக்கடகம், மூன்று நாள் காய்ந்து மணலில் கிடந்தது. நனைந்தால் புழு வைத்துவிடும். அவள் குடிசையோ நாலு இடத்தில் ஒழுகியது. ஊரில் ஒழுகாத பெரிய கூடம் தொரை வீடு ஒன்றில்தான் இருந்தது. ஒல்லாந்தர் காலத்துக் கட்டடம். கட்டிய தொரை பேயாக அங்கேயே இருக்கிறாரென்று யாரும் உள்ளே போவதில்லை. சாவியை வாங்க ஆளில்லாமல் ஊர்க் கமிட்டி அதைக் கயித்தானிடம் கொடுத்துப் பத்து வருஷமாகிறது. அன்று தொடங்கிய பேச்சை அவன் இன்னும் நிறுத்தவில்லை.

“பேய் தும்முமா மாமா?” என்றான் யாகப்பன், வலை ஊசியில் நூல் சுற்றியபடி.

“ஏன் தும்மாது? மொத நாள் என்னைப் பாத்துப் பல்லைக் காட்டுனாரு. ‘தொரைன்னா ஒரு மரியாதை வேண்டாமா, வாயை மூடும்வே’ன்னேன். மூடுனவரு மூணு வருஷம் தெறக்கல. பெறவு நான்தான் பாவம் பாத்துத் தெறக்கச் சொன்னேன்.”

“சரிதான்.”

“சும்மா இருக்காரேன்னு தொழிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். பின்னால நின்னு ஒரு மூச்சு விட்டாரு, படகு கொழும்புல போய் நிக்கி. வீட்டுல டீ கொதிக்கதுக்குள்ள திரும்பியாச்சு. வழியில அவரு மூஞ்சியப் பாத்து மயங்குன சுறாவை எல்லாம் கையாலயே அள்ளிப் போட்டேன்.”

“அந்தச் சுறா எல்லாம் எங்க?”

“மயக்கம் தெளிஞ்சு குதிச்சுப் போயிருச்சு.”

“தொரைக்குப் பங்கு உண்டா?” என்று யாரோ கேட்க, கொட்டகை சிரித்தது. பிடிபட்ட மீனில் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. அந்தக் கடற்கரையில் இதில் மட்டும் எவரும் விளையாடுவதில்லை. கயித்தானும் குரலை இறக்கினான்.

“குடுக்காம? ஒரு பிடி நெத்திலி. அவருக்கு அது போதும்.” பிறகு மறுபடி குரல் ஏறியது. “பெரும்புயல்ல ஊரே முங்கிச்சே, தொரை வீட்டுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி வந்துதா? வீட்டைத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டு, கழுத்தளவு தண்ணியில ரெண்டு நாள் நின்னாரு. உள்ள நான் கட்டில்ல படுத்திருக்கேன். எறக்கும்போது அசதியில திருப்பி வச்சுட்டாரு. கடலைப் பாத்த வாசல் இப்ப ஊரைப் பாத்து இருக்கா இல்லையா?”

“அப்ப படிக்கட்டு?”

“அது பழைய எடத்துலயே கெடக்கு. கடல் வத்தும்போது போய்ப் பாரு.”

கடல் வற்றும்போது நாலு கல்படி தெரிவது உண்மைதான். யாகப்பன் மறுபடி நூலைச் சுற்ற ஆரம்பித்தான்.

முதல் தூறல் அமலோற்பவத்தின் முழங்கையில் விழுந்தது. ஆண்கள் கூட்டத்தில் அவள் வாய் திறப்பது அபூர்வம்.

“கயித்தாண்ணே, தொரை நீங்க சொன்னாக் கேப்பாரா?”

“நில்லுன்னா நிப்பாரு.”

“அப்பக் கொஞ்சம் ஒதுங்கி நிக்கச் சொல்லுங்க. கூடத்துல என் நெத்திலியைப் போடணும்.”

கயித்தான் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தான்.

“போடலாம் தாயீ. பொம்பளையாளுகன்னா அவருக்குக் கூச்சம்.”

“நான் தலையைக் குனிஞ்சுக்கிடுதேன்.”

“சளி உனக்கும் ஒட்டிக்கிடும்.”

“கசாயம் வச்சுத் தாரேன்.”

“அட, மறந்தே போச்சு! அவரு இன்னிக்கு ஊர்லயே இல்ல. ஒல்லாந்துல அவங்க அம்மைக்கு நினைவுப் பூசை.”

“அப்ப வீடு சும்மாதான கெடக்கு,” என்று அமலோற்பவம் கையை நீட்டினாள்.

கொட்டகையே அவனைப் பார்த்தது. கயித்தான் சாவியை அவிழ்த்தான்.

நெத்திலியை அள்ளி, ஆளுக்கொரு கடகமாகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கடைசிக் கடகம் கயித்தான் தலையில். வாசலில் பார்த்தால் சாவித்துவாரத்தை மண்ணால் பூசி அடைத்திருந்தது பழைய குளவிக்கூடு, செங்கல்போல இறுகி.

“தெனமும் எந்த வழியா மாமா உள்ள போனீரு?”

“தொரை வெளிய போயிரக் கூடாதுன்னு குளவியை நான்தான் காவலுக்கு வச்சேன்.”

“அப்ப ஒல்லாந்துக்கு எப்படிப் போனாரு?”

கயித்தானுக்கு மழை இரைச்சலில் அது கேட்கவில்லை.

அமலோற்பவம் கொண்டை ஊசியால் கூட்டைச் சுரண்டி எறிந்து கதவைத் திறந்தாள். தரையில் விரல் கனத்துக்குத் தூசி. ஒரு காலடித் தடம் கிடையாது. கடகத்தை மூடியிருந்த சாக்கால் அதை விறுவிறுவென்று ஒதுக்கிவிட்டு, பிறகுதான் மற்றவர்களை உள்ளே கூப்பிட்டாள். கயித்தான் வாசற்படியைத் தாண்டவில்லை. தன் கடகத்தை எட்டிக் கொடுத்துவிட்டு மழையிலேயே நின்றான்.

நெத்திலியைப் பரப்பி முடித்ததும் எல்லாரும் கிளம்பினார்கள். பூட்டப் போன அமலோற்பவம் திரும்பி உள்ளே வந்தாள். ஒரு பிடி நெத்திலியை அள்ளிக் கூடத்து மூலையில் வைத்தாள். குனிந்து பார்த்து, தலை ஒடிந்த இரண்டைப் பொறுக்கி எடுத்துவிட்டு, முழுசாக இரண்டை வைத்தாள்.